செவலை கன்று போட்ட ஞாயிறு

மஸ்கட்டில் இருக்கும் என்னவருக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் மெசேஜில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுனிலிருந்து உங்கள் அக்கா நம் நீலசந்திரா வீட்டுக்கு வந்தார். நம் கல்யாணம் பிடிக்காமல் உங்களோடு பேச்சை நிறுத்தியவர், அதற்குப் பிறகு வருவது இதுதான் முதல்முறை. சாணி வாசனை தாங்காமல் முகம் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து நம் பசு செவலைக்கு வலி எடுத்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே வந்தும் தலை வரவில்லை. நான் பதறி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா புடவையைத் தூக்கிச் செருகினார்.

"பயப்படாதடி. நீ ஒரு காலப் புடி, நான் ஒண்ணப் புடிக்கிறேன். அது முக்கறப்போ இழு!"

கன்று வழுக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் வைக்கோலில் விழுந்தோம். கிடாரிக் கன்று! அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மமதா ஓடி வந்து, "யாருக்கா இவங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"நானா? இவளோட நாத்தனார்," என்று அக்கா என் தோளில் கைபோட்டார்.

இன்று மாலை உங்களுக்குப் போன் செய்கிறாராம். ரோஷம் பார்க்காமல் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி