முள் அசையாத சிலிண்டர்

ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். அப்பாவும் நீயும் நலம்தானே? பக்கவாதம் வந்தவரை மூன்று வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாய். நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. லீவு கேட்டால் மேனேஜர் எரிந்து விழுகிறார். இந்த மாதமும் வர முடியாது.

கெமிஸ்ட்ரி டீச்சரான உன்னிடம் ஒரு சந்தேகம். எங்கள் கேன்டீன் கேஸ் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் வாரம் முழுக்க ஒரே இடத்தில் நின்றது. நிறைய இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். நேற்று பாதிச் சமையலில் பொசுக்கென்று அடுப்பு அணைந்துவிட்டது. மானம் போயிற்று. ஏன் இப்படி?

உன் அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

பள்ளிக்கூடத்தில் நீ கெமிஸ்ட்ரியில் வாங்கிய மார்க்கை யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

சிலிண்டருக்குள் பெரும்பாலும் திரவம்தான். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியும் திரும்பத் திரவமாகிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக நடந்தால் அழுத்தம் மாறாது. அதுதான் சமநிலை. நீ ஆவியை எடுக்க எடுக்க, திரவம் இன்னும் கொஞ்சம் ஆவியாகி ஈடுகட்டிவிடும். கடைசிச் சொட்டுவரை முள் அசையாது, அப்புறம் மளமளவென்று இறங்கும். முள்ளை நம்பாதே, எடை போட்டுப் பார்.

நான் ஒவ்வொரு கடிதத்திலும் "நலம்" என்று எழுதுகிறேனே, அதுவும் அந்த முள்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு, இனித் திரும்பவே கூடாது என்று பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி ஓடி வந்தேன். அவர் ஈரத்திலேயே கிடந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. எனக்கு என்னை நினைத்தே பயமாக இருக்கிறது. ஒரு மாதமாவது வந்து இரு.

தங்கை

ஜூன் 17

தங்கச்சிக்கு,

விளக்கம் பிரமாதம். தராசு வாங்கியாயிற்று, மேனேஜரே கைகுலுக்கிப் பாராட்டினார்.

நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எல்லாம் அலுப்பில் வருவது. நாலு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். உன்னைப் போல் கெட்டிக்காரி யார் இருக்கிறார்கள்? வருஷக் கடைசியில் கட்டாயம் வருகிறேன்.

அண்ணன்

ஜூன் 23

அண்ணா,

சனிக்கிழமை காலை ரயிலில் அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். ஸ்டேஷனில் நில். நான் அன்றைக்கே திரும்பிவிடுவேன், அவர் இனி உன்னோடு இருப்பார். மேனேஜரிடம் என்ன சொல்வது என்பது உன் பாடு.

சாப்பாட்டை நன்றாக மசித்து, மெதுவாக ஊட்டு. ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வை, இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.

கொஞ்ச நாளைக்கு உன்னையும் என் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். திருத்தாதே. "இதோ வந்துட்டேம்பா" என்று சொல், போதும்.

தங்கை