அழிக்க முடியாத பதிவேடு

பிப்ரவரி 6, 2025

எங்கள் ஊர்ப் பாசன சங்கம் தண்ணீர் திருடுகிறது. பென்சிலால் திருடுகிறது.

கிழக்கு போர், மேற்கு போர் என்று இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். நாற்பத்தொரு நிலங்கள். யாருக்கு எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் என்று ஒரு நீள நோட்டில் எழுதியிருக்கும். எழுதுபவர் மோட்டார் ஆபரேட்டர் செல்லக்கண்ணு சித்தப்பா. பேனாவைத் தொடவே மாட்டார். இன்று அப்பா மண்வெட்டியோடு போய் நின்றபோது அவருடைய இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகியிருந்தது. ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து கிடந்ததாம். கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பாய்ச்சிவிட்டுத் திரும்பி வந்து, கால் கழுவி, சோறு தின்றார். பாதி நிலம் நனையவில்லை.

சாயங்காலம் சங்கத் தலைவர் சிங்காரவேலு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அரசுத் திட்டத்தில் சங்கத்துக்குக் கணினி போடுகிறார்களாம். என்ன மென்பொருள், என்ன மெஷின் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவள் நான்தானே. அவர் நிலத்தைத்தான் அப்பா பத்தொன்பது வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். வாய்ப்பேச்சுக் குத்தகை. துண்டுத் தாள்கூடக் கிடையாது.

சரி என்றேன். வேலைக்காக இல்லை. அந்த ரப்பரை ஒழிக்க.

பிப்ரவரி 9

தவளக்குப்பம் ஜங்ஷனில் அரிகரனின் கம்ப்யூட்டர் கடை. தேவையைச் சொன்னேன்: சங்க அலுவலகத்தில் ஒருவர், இரண்டு மோட்டார் கொட்டகையிலும் ஒவ்வொருவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள்.

“மூணே பேருக்கு இன்னாத்துக்கு தேவி சர்வரு? ஒரு எக்செல் ஷீட்டு, ஷேர் பண்ணி வுட்டுடு. ஆளுக்கு ஒரு டீ சொல்லிட்டு வேலையைப் பாரு.”

ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்து வைத்துக்கொண்டு சேமித்தால், பிந்திச் சேமித்தவனுடையது முந்தியவனுடையதைத் தின்றுவிடும் என்றேன். இப்போது நோட்டில் நடப்பதும் அதுதான் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த திருட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

பிப்ரவரி 11

தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரஸ் என்று முடிவு செய்துவிட்டேன். இலவசம் என்பது ஒரு காரணம். ஆளுக்கொரு கடவுச்சொல், யார் எதைச் செய்யலாம் என்று தனித்தனி அனுமதி என்பது இன்னொன்று. ‘அழி’ என்ற அனுமதியை ஒருவருக்கும் தரப்போவதில்லை. எனக்கும்தான்.

பிப்ரவரி 17

அரிகரனிடம் ஒரு பழைய மெஷினை இரவல் வாங்கிக் கிழக்குக் கொட்டகையில் வைத்துப் பார்த்தேன். சித்தப்பா மோட்டாரைப் போட்டார். பதினைந்து குதிரைத்திறன். பல்பு மஞ்சளாக மங்கியது, கணினி செத்துத் திரும்பப் பிறந்தது. மறுபடி போட்டார். மறுபடி செத்தது. மூன்றாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்கு எங்க வூட்டுக் கோழியே தேவலை, இடி இடிச்சாலும் எழுந்துக்காது” என்றார்.

எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும், அந்தப் பதிவு முழுதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியோடு இருக்கக் கூடாது. பாதி இருக்கவே கூடாது. அதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பதிவு உட்கார்ந்திருக்கும் ஹார்டு டிஸ்க் வட்டே கெட்டுப்போனால்? புது சர்வர் வேண்டாம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். நல்ல நிலையில் ஒரு பழைய மெஷின், அதில் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிக்கொள்ளும் இரண்டு வட்டுகள். மிச்சமாகும் பணத்தை, மின்சாரம் தடுமாறினாலும் தாங்கும் நல்ல யூ.பி.எஸ்.ஸில் போட வேண்டும். மெஷினைவிட யூ.பி.எஸ். பெரிதாக இருக்கும். இந்த ஊருக்கு அதுதான் சரி.

மார்ச் 3

செயற்குழுவில் என் அறிக்கையைப் படித்தேன். முன்னாலிருந்தவர்கள் போன் பார்த்தார்கள். தலைவர் ஒருவர்தான் கேட்டார்.

“ஒருவாட்டி எழுதிட்டா அழிக்கவே முடியாதாம்மா?”

“முடியாதுங்க ஐயா. திருத்தலாம். ஆனா பழசும் நிக்கும், யார் திருத்துனாங்கன்னும் நிக்கும்.”

“எத்தினி வருசத்துக்கு நிக்கும்?”

“எத்தனை வருசம் ஆனாலும்.”

நல்லது என்றார். வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு நடந்து வரும்போது கரும்பு வெட்டிய நிலத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 14

பழைய நோட்டுகளைப் பார்த்துப் பெயர்களை ஏற்றுகிறேன். சித்தப்பாவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று அவர் பார்க்கவே இல்லை. மண்வெட்டியோடு வந்து நிற்பவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். வீரப்பன், இரண்டு மணி. அப்பா பெயர் எத்தனை பக்கங்களில்! நாற்பத்தொரு நிலத்தில் பதினேழில் எங்கள் காலனிக் குத்தகைக்காரர்களின் பெயர்கள்.

நிலம், பட்டாதாரர், சாகுபடி செய்பவர் என்று மூன்று கட்டங்கள் வைத்துவிட்டேன்.

மார்ச் 19

தலைவர் கூப்பிட்டார். மூன்றாவது கட்டம் வேண்டாமாம். திட்டப் படிவத்தில் இல்லையாம், பட்டாவில் இருக்கிற பெயர் போதுமாம். படிவத்தில் இல்லாததையும் வைக்கலாம் என்று சொன்னேன். “சொன்னதைச் செய்ம்மா” என்றார். கோபமே இல்லை. மோர் கொடுக்கச் சொன்னார்.

நேராகக் கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்ததுமே பீடியை அணைத்தார்.

“உனக்குத் தெரியாதா? பேரு பதிவுல வருசக்கணக்கா நின்னுதுன்னா, அப்புறம் குத்தகைக்காரனை நெலத்தை வுட்டு எறக்க முடியாதுன்னு தலைவருக்கு வக்கீல் சொல்லிக்கீறாரு. பென்சில்ல எழுதனதாலதான்டி நம்ப ஆளுங்க பேரை எழுதவே வுட்டாங்க. பேனாவுல எழுதியிருந்தா மொத நாளே நிறுத்தியிருப்பாங்க.”

“அப்ப எங்கப்பா நேரத்தை அழிச்சது?”

“அதையும் நான்தான் அழிச்சேன். சொன்னாங்க, அழிச்சேன்.” அணைத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டு, “பேரை அழிக்கல” என்றார்.

மார்ச் 20

எத்தனை வருசத்துக்கு நிக்கும்னு அந்தாளு கேட்டாரே. அப்பவே புரிஞ்சிருக்க வேணாமா எனக்கு? பெருமையா பதில் சொன்னேனே.

ஏப்ரல் 2

தொடக்க விழா. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். யூ.பி.எஸ்.ஸுக்கு மாலை. தேங்காய் உடைத்த தண்ணீர் விசைப்பலகையில் தெறித்துவிடுமோ என்று நான் குறுக்கே நின்றேன். இதற்குக்கூடக் காவல் நின்றிருக்கிறேன்.

மோட்டார் போட்டார்கள். கணினி அசையவில்லை. மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் பதிவு ஏறியது. கை தட்டினார்கள்.

அடுத்து அப்பா முறை. அச்சடித்து வந்த சீட்டில் சிங்காரவேலு, இரண்டு மணி. குறையாமல் இரண்டு மணி. ஆனால் பதிவில் பெயர் இருப்பவர்தான் வந்து தண்ணீர் வாங்க வேண்டும், இல்லையென்றால் அவர் கையெழுத்து வேண்டும் என்று புது விதி போட்டிருக்கிறார்கள். விழா முடிந்ததும் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்; அப்பா கையெழுத்துக்காக அங்கே நடந்தார். அவர் தூங்குகிறார் என்றார்களாம். வாசலில் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் போய்விட்டிருந்தது.

ஏப்ரல் 11

சொர்ணவாரி நெல் பட்டத்துக்கு நாற்று விட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். தலைவர் தானே பயிர் வைக்கிறாராம். எங்கள் தெருவில் இன்னும் ஆறு பேருக்கும் இதே பதில். கணினியில் யார் பெயரையாவது யாராவது ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், நிலத்தையே கையில் வைத்துக்கொள்வது நல்லதென்று பட்டாதாரர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“உன் மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. பென்சில்ல ஒரு மணி நேரமே வந்தாலும் என் பேருல வந்துச்சு. அவ்ளோதான்.”

அம்மா விதைநெல் மூட்டையை அவிழ்த்து அரைக்க எடுத்து வைத்தாள்.

ஏப்ரல் 12

ஒண்ணும் எழுதப் பிடிக்கல. படிச்சவ படிச்சவன்னு சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. படிச்சவ என்ன செஞ்சா? களவாணிக்கு உடைக்க முடியாத பூட்டு வாங்கிக் குடுத்தா. போய் தேர்ந்தெடுத்து, விலை பேசி, வாங்கிக் குடுத்தா.

ஏப்ரல் 21

நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் அலுவலகத்தைத் திறந்ததும் உட்கார்ந்தேன். மூன்றாவது கட்டத்தைத் திரும்பச் சேர்த்தேன். பதினேழு பெயர்களையும், நோட்டில் இருந்த வருடங்களோடு ஏற்றினேன். வீரப்பன், 2006 முதல். திருட்டுத்தனமாக இல்லை. ஒவ்வொரு பதிவிலும் ‘எழுதியவர்: தேவி’ என்றும் நேரமும் தானாக ஏறியது. ஏறட்டும்.

அலுவலகத்துக்கு வந்த ஒருவரிடமும் மறைக்கவில்லை. மதியத்துக்குள் தலைவருக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 22

அரிகரன் வந்தான். என் கடவுச்சொல்லை மாற்றினான். மூன்றாவது கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது மட்டும் மெதுவாகச் சொன்னான்: “யாரு எதை மாத்தனாங்கன்னு தானா ஏறுற குறிப்புல உன் பதினேழு பேரும் அப்படியே இருக்கு தேவி. அதை எடுக்க முடியல. நல்லா பண்ணிக்கீற.”

இனி என்னாலும் திறக்க முடியாத, யாரும் திறந்து பார்க்காத இடத்தில், இரண்டு வட்டிலும், பத்திரமாக இருக்கிறது. நல்லா பண்ணிக்கீறேன்.

மே 8

அப்பாவைக் குத்தகைக்காரராகப் பதியச் சொல்லி வில்லியனூரில் ஒரு அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சாகுபடிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பழைய நோட்டுகள் என்றேன். கொண்டு வாருங்கள் என்றார்கள். கணினி வந்த பிறகு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம். சித்தப்பா சொன்னார். அவரையும் ஆபரேட்டர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சுவிட்சைப் போட யார் வேண்டுமானாலும் போதுமாம்.

மே 9

அப்பா தவளக்குப்பத்தில் இரும்புக் கடையில் லோடு ஏற்றப் போகிறார். ஐம்பத்து மூன்று வயது.

மே 30

கிழக்கு போர் வழியாகப் போனேன். அப்பா சமப்படுத்திய நிலத்தில் மெஷினால் நட்ட நாற்று. வரப்பில் நான் போகலாமா கூடாதா என்று ஒரு கணம் நின்றேன். பிறந்ததிலிருந்து நடந்த வரப்பு.

ஜூன் 15

சங்கப் பொதுக்குழு. பட்டா இருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். நான் உறுப்பினர் இல்லை, ஆனால் வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. கதவோரம் நின்றேன். கணினி வந்த பிறகு ஒரு தகராறும் இல்லை, ஒரு நாளும் நிற்கவில்லை என்று அறிக்கை படித்தார்கள். உண்மைதான்.

வேறு ஏதாவது பேச வேண்டுமா என்று தலைவர் கேட்டார். கை தூக்கினேன்.

கட்டம் வேண்டாம், நிலம்கூட இன்றைக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். நோட்டு இல்லை, சரி. நோட்டில் எழுதியதை எல்லாம் நேரில் பார்த்தவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பத்தொன்பது வருடம் பக்கத்து வரப்பில் நின்று பேசியவர்கள். அப்பா மடையைத் திருப்பிவிட்ட தண்ணீர் உங்கள் நிலத்துக்கும் பாய்ந்திருக்கிறது.

“எங்கப்பா வீரப்பன் அந்த நிலத்துல பயிர் வச்சாரா இல்லையா? வச்சார்னு ஒரே ஒரு வரி எழுதி, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க.”

தாளையும் பேனாவையும் முதல் வரிசையில் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசை வரை போனது. வெற்றுத் தாளாகவே என்னிடம் திரும்பி வந்தது. தலைவர் அடுத்த பொருளைப் படித்தார்: யூ.பி.எஸ். பேட்டரிக்கு வருடப் பராமரிப்பு.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். “யாராவது ஒருத்தர்” என்றேன்.