கம்பத்தின் பின்பக்க வெளிச்சம்

இருட்டு 61 – காலை 09:20

நான் ஜெசிந்தா. செம்பாறைக் குடியிருப்பின் தெருவிளக்குப் பொறியாளர். இந்தக் கிரகத்தில் ஒரு ராத்திரி ஐந்து மாதம் நீள்கிறது, அதனால்தான் தேதியை இருட்டுக் கணக்கில் எழுதுகிறோம். இருப்பது ஒரே தெரு, முப்பது கம்பம், சுரங்கத்தை நம்பி வந்த நானூறு உயிர்.

இன்று ஏழாம் கம்பம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புள்ளிக்குப் புள்ளி வெளிச்ச மீட்டரை வைத்து அளந்தேன். தெரு நடுவில் வெளிச்சம் சரி. கம்பத்தின் பின்பக்கத்தில் மட்டும் பாதியாகக் குறைகிறது. தூசி என்று குறித்துக்கொள்கிறேன்.

கண்கூச்சம் எல்லை தாண்டிவிட்டது. காவல் தலைவர் பேச்சிமுத்து, வெளிச்சம் தூரம் போகட்டுமென்று எல்லா விளக்கின் தலையையும் நிமிர்த்தி வைத்திருக்கிறார். தெருவில் விழ வேண்டியது கண்ணில் குத்துகிறது. அண்ணாந்து பார்த்தால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. மூன்று முறை சொல்லிவிட்டேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இருட்டு 62 – மதியம் 14:05

ஏழாம் கம்பத்தடியில் காவலாளி சூசை செத்துக் கிடந்தார். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். துப்பாக்கி தோளிலேயே இருந்தது. கூப்பிடு தூரத்தில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து எல்லா வாக்கி-டாக்கியிலும் அறிவித்தார்:

"எல்லாரும் கேளுங்க. இம்புட்டு வெளிச்சத்துல எந்த மிருகமும் கண்ணுல படாம வர முடியாது. இது மனுசன் செஞ்ச வேல. வெளக்க இன்னும் கூட்டச் சொல்லிருக்கேன். எவன்னு பிடிச்சிருவோம்."

உடலை எடுத்த பிறகு ஏழாம் கம்பத்தை மறுபடி அளந்தேன். பின்பக்க வெளிச்சம் சரியாகிவிட்டது. விளக்கை யாரும் துடைக்கவில்லை. இப்போது பன்னிரண்டாம் கம்பத்தில் அதே குறை.

இருட்டு 64 – காலை 10:40

பன்னிரண்டாம் கம்பத்தடியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செத்தார்கள். எது யாருடையது என்று பிரித்தெடுக்க முடியாமல் சேர்த்தே மூடினார்கள்.

அப்புறம் பழி போட ஆள் தேடினார்கள். சமையல்கூடத்தில் கறி வெட்டும் தாசனின் கத்தியில் ரத்தம் இருந்ததாம். கறி வெட்டுகிறவன் கத்தியில் பன்னீரா இருக்கும்? அவனை இழுத்துவந்து அதே விளக்கின் கீழே கம்பியால் அடித்தார்கள். குறுக்கே விழுந்தேன், தோளில் ஒன்று வாங்கினேன். தாடை உடைந்த பிறகும் தாசன் ஏதோ சொல்ல முயன்றான். அதற்குள் மண்டையில் போட்டார்கள்.

அவன் காலைப் பிடித்திருந்தவன் என் தம்பி ஜெரோம். அம்மா போன பிறகு நான் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. இனி என்னிடம் பேசாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். பயம் மனுஷனை இப்படியும் ஆக்குமா?

அடிதடியில் மீட்டர் கம்பத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் முழுசாக இருக்கிறது. குறை இடம் மாறுகிறது, அது போகிற இடத்தில் ஆள் சாகிறான். தூசி அல்ல.

இருட்டு 65 – காலை 11:30

வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கை நேராகப் பார்த்தேன். பார்த்துவிட்டேன்.

பாறை நிறத் தோல், தட்டையான உடம்பு. விளக்குத் தலையின் முதுகில் ஒட்டிப் படுத்துக் குளிர் காய்கிறது. ஒரு நகம் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. நான் தூசி என்று எழுதியது அந்த நகத்தின் நிழலை. சூட்டுக்காகத்தான் வருகின்றன. ஒவ்வொரு சாவுக்கும் நாம் வெளிச்சத்தைக் கூட்டினோம், அவற்றுக்கு இன்னும் இதமாகிவிட்டது.

கண்ணாடியோடு தெருவில் நடந்தேன். நகம் வெளியே தெரிந்த இடங்கள்: பதினைந்தாம் கம்பத்தில் ஒன்று. இருபதில் இரண்டு. இருபதாம் கம்பத்தில் காவல் நிற்பது ஜெரோம். தூரத்திலேயே நின்று வாக்கி-டாக்கியில் மெதுவாகப் பேசினேன்.

"ஏலே ஜெரோம், கம்பத்த விட்டு இருட்டுக்குள்ள ஓடு."

"இருட்டுக்குள்ளயா? வெளிச்சத்துல நிக்கிறவரைக்கும்தான்க்கா உசுரு. நீ எங்கிட்டப் பேச மாட்டேன்னுல்லா சொன்ன?"

"வெளக்குக்கு மேல இருக்குலே. ரெண்டு."

"கண்ணு கூசுது. ஒண்ணும் தெரியல. தாசனுக்காக என்னப் பயமுறுத்துதியா?"

நகரமாட்டான். பேச்சிமுத்துவிடம் கண்ணாடியை நீட்டிச் சொன்னேன், வாங்காமல் சிரித்தார். இந்த வானத்தில் இரண்டு நிலா இருக்கிறது. விளக்கு வந்த நாளிலிருந்து அவற்றை யாரும் பார்க்கவில்லை. விளக்கை அணைத்தால் அந்த வெளிச்சமே கண்ணுக்குப் போதும். மின்னறைக்குப் போகிறேன்.

இருட்டு 65 – மதியம் 12:10

கதவை உள்ளே பூட்டிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். தெரு முழுக்க அலறல். கண் பழகும்வரை அசையாமல் நில் என்று ஜெரோமிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் குரல் வந்தது.

"தெரியுதுக்கா. ஐயோ, தலைக்கு நேர மேல."

இரண்டு வெடி.

"ஒண்ணு விழுந்துட்டு. இன்னொண்ணும். அக்கா, அடுத்த கம்பத்துலயும் இருக்கு. அதுக்கு அடுத்ததுலயும். ஒரு கம்பம் பாக்கியில்ல. சூடு போனதும் எறங்க ஆரம்பிச்சிட்டு. கண்ணு தெரிஞ்சா சுட்டுரலாம். வெளக்க மட்டும் போட்டுராதக்கா!"

எல்லோருக்கும் அறிவித்தேன். அங்கங்கே வெடிச்சத்தம் கேட்கிறது. சுடுகிறார்கள்! பிழைத்துவிடுவோம்.

கதவில் கம்பி விழுகிறது. பேச்சிமுத்துவின் குரல் வாக்கி-டாக்கியில்:

"வெளக்க அணச்ச கொலகாரி உள்ள இருக்கா. ஒடைங்கலே."

இருட்டு 65 – 12:31

கதவு போய்விட்டது. வலது கை ஒடிந்தது. இடது கையால் எழுதுகிறேன். வாயெல்லாம் ரத்தம். பேச்சிமுத்துவின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். மிதித்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

ஜெரோம் கடைசியாகச் சொன்னது:

"அக்கா, கண்ணு..."

அதன் பிறகு வாக்கி-டாக்கியில் ஏதோ இழுபடும் சத்தம் மட்டும்.

வாசலில் முதல் கம்பம். பேச்சிமுத்துவும் மற்றவர்களும் அதன் கீழே நின்று கைதட்டுகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிவந்துவிட்டார்கள். கத்துகிறேன். யாருக்கும் கேட்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவரே, விளக்கை அணையுங்கள். கண் பழகும்வரை பொறுங்கள். அப்புறம் மேலே பாருங்கள்.

அவர்கள் பிடுங்கி வெளியே எறிந்த என் மீட்டர் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் கிடக்கிறது. முள் இங்கிருந்தே தெரிகிறது.

பாதி.

கால்.

இன்னும் கைதட்டுகிறார்கள்.

பூஜ்யம்.