சாருக்கு எடுத்து வைத்த நெத்திலி

பிப்ரவரி 12, வியாழன். கோச்சடை.

மணப்பாட்டு வாடகை வீட்டுச் சாவியை இன்று ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றதும் கடலோரம் போய் இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். உசிலம்பட்டிக்காரர், நீச்சல்கூடத் தெரியாது. இரண்டு வருடமும் சாயங்காலமானால் மணலில் போய் உட்கார்ந்துவிடுவார். "சும்மா இருக்குறதுல இம்புட்டுச் சொகம் இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்பார்.

நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கூட்டிவந்தேன். இங்கேயே அடக்கம் செய்தோம். மூன்று மாதமாகிறது. மணப்பாட்டில் யாருக்கும் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்குக்கூட.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மீன் விற்கும் அந்தோணியம்மாள் பார்த்துவிட்டாள். "நெஞ்சுவலின்னு போனாவளே, சார் இப்ப எப்படி இருக்காவ?"

எங்கள் சபையில் பொட்டு வைக்கும் வழக்கமில்லை. என் நெற்றியைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லா இருக்கார்" என்றேன்.

"அப்போ கூட்டிட்டு வாங்க டீச்சர். கடக்காத்து பட்டா சரியாயிரும்" என்றவள், "சாருக்குப் பிடிக்கும்லா" என்று ஒரு பை நெத்திலியைக் கையில் திணித்தாள்.

மதுரை வரை மடியிலேயே வைத்திருந்தேன். இன்னும் அலசவில்லை. எதற்கு வாங்கிக்கொண்டேன் என்றும் தெரியவில்லை.

அந்த ஊரில் மட்டும் அவர் வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். இனி நான் அங்கே போகக் கூடாது.