இயல்பான துணை

எல்ம் கிரீக், அயோவா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரோண்டா,

ஒருத்தி சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்து, ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போய், பிறகு நம் அண்ணனின் காலைப்பொழுதுகளைப் பறித்தால், அவளை நல்லவள் என்பதா, கெட்டவள் என்பதா? எனக்குப் பதில் தெரியவில்லை.

அவள் பெயர் கெண்ட்ரா. உடல் முடியாதவர்களுக்கான காப்பீட்டை இதுவரை மாநில அரசே நடத்தியது. இந்த வசந்தத்தில் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்துவிடும். செலவைக் குறைத்தால் மிச்சம் நிறுவனத்துக்கு. அங்கிருந்து வந்தவள்தான் கெண்ட்ரா. பராமரிப்பு மேலாளராம். மேலாண்மை என்றால் கூட்டுவதா, குறைப்பதா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு இயல்பான துணை யாரு சார்?" என்றாள்.

நம் அண்ணன் வெர்லினைத்தான் உனக்குத் தெரியுமே. "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலம்மா. நீங்க யாரையாவது பாத்து வெச்சிருக்கீங்களா?" என்றான்.

சம்பளம் வாங்காமல் உதவும் சொந்தக்காரர்களை நிறுவனத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். உடனே அண்ணனுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "எங்க மார்சியா இருக்காளே! எது கேட்டாலும் செய்வா. எங்க வீட்டு ஆளை நாங்களே பாத்துக்குவோம்." அவள் எழுதிக்கொண்டாள். பேசாமல் நின்றது என் தவறு. என்னைப் புகழும்போது எப்படி மறுப்பது?

தினமும் காலையில் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைப்பவள் ட்வைலா; அவளுக்குச் சம்பளம் அந்தக் காப்பீட்டிலிருந்துதான். இனி வாரத்தில் இரண்டு நாள்தான் அவளாம். மற்ற நாட்களுக்கு இயல்பான துணை இருக்கிறதாம். "நல்ல வேளை, உங்க அண்ணன் என்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லல. சொல்லியிருந்தா வேலையே போயிருக்கும்" என்கிறாள் ட்வைலா.

என்னால் அவனைத் தூக்க முடியாது, ரோண்டா. பனி கொட்டி ட்வைலா வர முடியாத அன்று முயன்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை இருவரும் தரையில் கிடந்தோம். ட்வைலா இல்லையென்றால் அவனை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும். அவனுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை.

முறையிட்டிருக்கிறேன். நாளை கெண்ட்ரா மறுபடி வருகிறாள். தரையில் கிடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றதும், "அதெல்லாம் வெளியாள்கிட்ட சொல்ற விஷயமாடீ?" என்று கோபித்துக்கொண்டான்.

உனக்கும் போன் செய்வார்கள். குரலில் தேன் ஒழுகும். அண்ணனுக்காக அலாஸ்காவிலிருந்து பறந்து வருவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொல்வாய் என்று தெரிந்துதான் கெஞ்சுகிறேன்.

திங்கட்கிழமை

தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன்.

கெண்ட்ரா வந்தாள். அதே கேள்வியைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னான்: "எனக்கு யாரும் இல்லம்மா."

நான் அவன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கெண்ட்ரா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

வாசலில், "மாத்திடறேன் மேடம், ட்வைலா பழையபடி எல்லா நாளும் வருவாங்க" என்றாள். எழுத்தில் வரும்வரை நம்பமாட்டேன்.

உள்ளே போனபோது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை. இது கிடைத்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசு. நிறையப் பேசு.

உன்,
மார்சியா