எட்டாயிரத்து எண்பதாம் வாசல்

உன் கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. காலையில் அதை ஓடவிட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. தவளக்குப்பம் டைப்பிங் கடையில் நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த மதியங்களில் வருமே, அதே வாசனை. உடனே உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் ஒன்றை நீ வைத்திருந்தாய்; அதை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினாய். "இண்டர்நெட்ல போட்டா எல்லாரும் பாக்கலாமே" என்றேன். "எல்லாரும் பாக்கக் கூடாதுன்னுதான்டி சொல்றேன். ஊருப் பொண்ணுங்க நம்பரெல்லாம் இருக்குது" என்றாய். அதற்காகவே உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சர்வரை நிறுவினோம். பிரவுசரில் பக்கம் திறக்கும். ஆனால் உன் மேசையைத் தாண்டி எங்கும் போகாது.

நீ கண்ணை மூடிய பிறகு ஐந்து மாதம் அதை யாரும் தொடவில்லை. பாகூர் வந்து உன் அறைக்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முற்பகல் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அக்கா, அவ போனுக்கு ஒருத்தரு பேசனாரு. பொண்டாட்டிக்குப் பிரசவமாம், ரத்தம் நிக்கலியாம். ஓ நெகட்டிவ் கேக்கறாங்க. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். சர்வரைத் தொடங்கியதும் பச்சை காட்டியது. பிரவுசரில், அதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் முகவரியான லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தேன். பக்கம் வரவில்லை. மறுபடி அடித்தேன். வரவில்லை. "போச்சாக்கா?" என்றார் பின்னால் நின்றவர். பட்டியலே அழிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் நாம் அதை நிறுவிய நாள் நினைவுக்கு வந்தது. அன்று சர்வர் தொடங்கவே மறுத்தது. சிவப்பில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்றேன். நீ மோரைக் குடித்துக்கொண்டே, "எண்பதாம் நம்பர் வாசல்ல வேற எதுவோ நிக்குதுடி. அத இன்னாத்துக்குத் தொரத்தற? நாம வேற வாசல்ல பூந்துக்கலாம்" என்றாய். சர்வரின் போர்ட் எண்ணைத்தான் நீ வாசல் என்பாய். செட்டிங்ஸில் எண்பதை எடுத்துவிட்டு எட்டாயிரத்து எண்பது என்று போட்டாய்.

எண் எதுவும் போடாததால் இவ்வளவு நேரமும் எண்பதாம் வாசலையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முகவரியின் பின்னால் அந்த எண்ணைச் சேர்த்தேன். திறந்துவிட்டது. உன் பக்கம், நான் எவ்வளவு சொல்லியும் நீ மாற்றாத அந்த ரோஸ் நிறத்தோடு. ஓ நெகட்டிவில் மூன்று பேர். ஒருவர் போன் அணைந்திருந்தது. இன்னொருவர் வெளியூரில். மூன்றாவது, அரியாங்குப்பத்துப் பெண். "அந்தக்கா லிஸ்டா? தோ, கெளம்பிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் அந்த மனிதர் கூப்பிட்டார். தாயும் பெண் குழந்தையும் நலம். போனை வைத்துவிட்டு உன் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து மாதமாக வராத அழுகை. அழுது முடித்ததும் உடம்பு லேசாகி, நல்ல பசி எடுத்தது. உன் வீட்டுக்காரர் செய்த உப்புமாவை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பட்டியல் இனி என் பொறுப்பு; அதற்காகத்தான் கம்ப்யூட்டரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாரம் ஒருமுறை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கப்போகிறேன். நீ எடுத்ததே இல்லை, அது உன் தப்பு. நேற்று அந்தக் குழந்தையின் அப்பா வீடு தேடி வந்தார். "என் பேரையும் எழுதிக்குங்கக்கா. என்னுது பி பாசிட்டிவ், எல்லாருக்கும் இருக்கறதுதான். பரவால்லியா?" என்று தயங்கினார்.

உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பெயரை அடித்தேன். நீ போன பிறகு உன் பட்டியலில் ஏறிய முதல் பெயர்.