சம்பந்தி காரும் ஒரு மயிலும்

மார்ச் 14

இன்று கடையை மதியமே அடைத்தேன். ராயகிரியிலிருந்து சம்பந்தி ஆகப்போகிற கருத்தப்பாண்டி அண்ணாச்சி தம் காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில் நிறுத்திவிட்டுப் போனார். தங்கள் மகள் பிரசவத்துக்காக அவரும் சம்சாரமும் ஆறு மாதம் ஆஸ்திரேலியா போகிறார்கள். "எங்க மனை சும்மாதான கெடக்கு, விட்டுட்டுப் போங்க" என்று போன வாரம் வாயைக் கொடுத்தவன் நான்தான்.

கருநீலக் கார். அவர் சம்சாரம் ராஜகுமாரி அம்மா பேரில் இருக்கிறது. அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கூடவே வந்திருந்தவர்கள், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணே, பெயின்ட்ல ஒரு கீறல் விழக்கூடாது. வந்ததும் கல்யாணத் தேதி குறிச்சிருவோம்" என்றார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

என் மகள் சிவப்ரியாவும் அவர்கள் பையனும் காலேஜிலிருந்தே பழக்கம். இந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வருஷம் ஆயிற்று. கீறல் விழுந்தால்? — முதல் வேலையாக ஒரு தார்ப்பாய் வாங்க வேண்டும்.

மார்ச் 16

தார்ப்பாய் வாங்கி, காரைப் பொட்டலம் மாதிரி கட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாராட்டு வரும் என்று பார்த்தால் ராஜகுமாரி அம்மாவிடமிருந்து குரல்செய்தி. "தார்ப்பாய்க்கு அடியில ஈரம் நிக்கும், பெயின்ட் பூத்துப்போகும். காத்துப் போற துணி உறை போடணும். ஞாயித்துக்கிழமை தோறும் போட்டோ அனுப்புங்க." எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 23

துணி உறை வந்தது. போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 20

தூசியோடு உறை போட்டால் அந்தத் தூசியே உரசுமாம். அதனால் வாரம் ஒரு தடவை உறையை உருவி, கழுவி, துடைத்து, மெழுகு பாலிஷ் போட்டு, மறுபடி மூடுகிறேன். என் சம்சாரம் ஆனந்தவல்லி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருவத்தெட்டு வருசத்துல ஒரு நாளு நம்ம வீட்டுச் சன்னலத் தொடச்சிருக்கீயளா?"

சிவப்ரியா உள்ளேயிருந்து, "எம்மா, கல்யாணம் எனக்கா காருக்கான்னு கேளு" என்றாள். சிரிக்கட்டும். யாருக்காகச் செய்கிறேன்?

மே 11

இன்று சோம்பல். போன வார போட்டோவையே அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் பதில்: "வேப்பமர நிழல் போன வாரம் விழுந்த இடத்திலேயே விழுந்திருக்கிறதே, அண்ணே?" இந்த அம்மாவிடம் படித்த பிள்ளைகள் எல்லாம் எப்படித்தான் பிழைத்தார்களோ.

ஜூன் 8

காற்று பேய்க்காற்று. உறை படபடவென்று அடித்துக் காரையே உரசுகிறது. இறுக்கிக் கட்டினேன். கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து, நாலாவது வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த மோர்மிளகாய் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டு பாஜிலா அக்கா மிளகாய்க்குப் பேசியதை எழுத இந்த நோட்டுத் தாங்காது. உறை பாதியாகக் கிழிந்துவிட்டது. இப்போதைக்குத் திறந்தே கிடக்கட்டும். முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டிருக்கிறேனே, என்ன ஆகிவிடும்?

ஜூன் 9

முகம் பார்க்க மயில் வந்துவிட்டது.

காலையில் டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் காரின் முன் மூடியில், பானட்டின் மேல், ஓர் ஆண்மயில். பெயின்டில் தெரிகிற தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக்கொண்டு கொத்து கொத்தென்று கொத்துகிறது. கல்லை எடுத்தேன். ஆனந்தவல்லி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, முருகன் வாகனங்க! முத்துக்குமாரசாமின்னு பேர வச்சுக்கிட்டு மயில அடிக்கப் போறீயளே!"

கல்லைக் கீழே போட்டேன். "போயிரும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்பக்கத்தை எனக்குக் காட்டி, வேலையைத் தொடர்ந்தது.

கொத்தின இடம் பதினேழு புள்ளி. எண்ணிவிட்டேன்.

ஜூன் 29

முன் மூடியில் ஆனந்தவல்லியின் பழைய நைட்டிகளை விரித்து, மேலே ரெண்டு தலையணை. மயில் வருவதில்லை. போட்டோவுக்காக மட்டும் அவற்றை அகற்றிவிட்டு, புள்ளி தெரியாதபடி தூரத்திலிருந்து எடுக்கிறேன். தெரு முழுக்கச் சிரிக்கிறது.

ஆகஸ்ட் 9

எங்கள் ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கோயிலுக்குப் போன ஆனந்தவல்லி அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண் கொண்டுவந்தாள். "தோல்ல வார நோவுக்கெல்லாம் கேக்குதுல்லா? பெயின்டும் காருக்குத் தோலுதான" என்றாள்.

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் யோசித்தேன். சின்ன வயசில் என் தோல்படையை ஆற்றியது அந்த மண்தானே? குழைத்து, பதினேழு புள்ளியிலும் வைத்து, நன்றாக இறங்கட்டும் என்று அரைமணி நேரம் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். மனசு லேசாகிவிட்டது.

ஆகஸ்ட் 10

கழுவிப் பார்த்தேன். நாசமாப்போச்சு. முன் மூடி முழுக்க வட்டம் வட்டமா கீறல். வெயில் பட்டதும் சிலந்தி வலை மாதிரி மின்னுது. மண்ணுல மணல் இருக்கும்னு ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு எங்க போச்சு புத்தி? சாமி மேல குத்தமில்லை. மனுசத் தோலுக்குள்ளத எடுத்து இரும்புல தேச்சவன் நான்.

சிவப்ரியா பார்த்தாள். சிரிக்கவில்லை. "அவங்க அம்மா என்னப்பா சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 12

பெயின்டிங் பட்டறை சாம்சனைக் கூட்டிவந்தேன். "அண்ணாச்சி, தூசியும் எச்சமும் விழுந்தா தண்ணி ஊத்தி ஊறவச்சுக் கழுவணும். நீங்க அம்மிலல்லா அரச்சிருக்கீய!" என்றான். மெஷின் வைத்து ஓட்டினான். வட்டங்கள் முக்கால்வாசி போயின, மயில் கொத்தியது போகவில்லை. பாலிஷ் போடப்போட இடது பின்கதவில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிறிய திட்டு வேறு எழும்பி வந்தது. உறை இல்லாத இரண்டு மாத வெயில் தின்றுவிட்டது போலிருக்கிறது. இதுவும் என் தலையில்தான்.

செப்டம்பர் 12

நேற்று ஊர் வந்து சேர்ந்த அண்ணாச்சி இன்று காலையில் பஸ் பிடித்துத் தனியாக வந்தார். காபிகூட வேண்டாம் என்று நேராகக் காரிடம் போனார். நான் பின்னாலேயே போய் மயில், நைட்டி, புற்றுமண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண் கலங்கிவிட்டது. "இதுக்காகப் பிள்ளைகளப் பிரிச்சிராதீய" என்று கையைப் பிடித்தேன்.

அவர் முன் மூடியைத் திரும்பியே பார்க்கவில்லை. இடது பின்கதவின் முன்னால் குத்தவைத்து, அந்தத் திட்டைத் தடவிக்கொண்டு, "வெளுத்துட்டே..." என்றார்.

"வெயிலு அண்ணாச்சி."

"வெயிலுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. போன தீவாளிக்கு நான் வீட்டு வாசக் கேட்டுல இடிச்சது. அவளுக்குத் தெரியாம ஒருத்தன வச்சு பெயின்ட் அடிச்சேன். பாவிப்பய வேற நீலத்த அடிச்சிருக்கான்." எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். முன்னால உள்ளது ஒங்களுது. அதோட இந்தக் கதவையும் சேத்து ஒத்துக்கிடுதீயளா?"

முதல் தடவையாகச் சம்பந்தி என்கிறார்.

செப்டம்பர் 14

ராஜகுமாரி அம்மா வந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரைப் பார்த்தார்கள். முன் மூடிக்கு மயில் என்றேன். கதவுக்கு என்னவென்று கேட்டார்கள். "அதுவும் மயிலுதான்" என்று உளறிவிட்டேன். அண்ணாச்சி வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "ஒரு காரப் பாத்துக்கிடத் தெரியல. பிள்ளைய எப்படித்தான் இவ்வளவு நல்லா வளத்தீயளோ!"

ஐப்பசியில் கல்யாணம். சிவப்ரியா சமையலறைக்கு ஓடிப்போய் அழுதாள். நானும் போய் அவளோடு அழுதேன்.

அக்டோபர் 5

காலையில் சம்பந்தி போன் பண்ணினார். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "ஆஸ்திரேலியாலருந்து அவ கொண்டுவந்த பீங்கான் ஜாடி கைதவறி ஒடஞ்சிட்டு. நேத்து பத்திரிகை குடுக்க வந்தப்ப ஒங்க கை பட்டுட்டுன்னு சொல்லிட்டேன். அவ கூப்பிடுவா. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.